வவ்வாலின் பாதரசம்: முடியில் தேடுவதா, ரத்தத்தில் தேடுவதா?

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சவுத் ரிவர் என்று ஓர் ஆறு. வேன்ஸ்பரோ ஊரின் டுபான்ட் என்ற ரசாயன நிறுவனத்தின் ஆலையிலிருந்து 1929 முதல் 1950 வரை அதில் பாதரசம் கலந்தது. இன்றும் கரைமண்ணில் இருக்கிறது. தண்ணீரில் வளர்ந்து பறக்கும் பூச்சிகள் வழியாக வவ்வாலுக்குள் போகிறது.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

ரத்தம் எடுத்தால் அண்மையில் தின்ற இரையின் பாதரசம் தெரியும். இந்த ஆற்றங்கரையில்தான் ஏறியதா என்று கேட்டால், பதில் அதில்தான். ஆனால் அங்குள்ள சின்னப் பழுப்பு வவ்வாலின் எடையே பத்து கிராம் போலத்தான். ஊசி குத்திச் சில துளிகளுக்கு மேல் எடுப்பது அதன் உயிரோடு விளையாடுவது.

முடிக்கு அந்தப் பாடு இல்லை. வலையிலிருந்து எடுத்து, கையுறைக்குள் படபடக்கும் அந்தச் சிறு உடம்பை மெல்லப் பிடித்து, முதுகில் ஒரு சிட்டிகை கத்தரித்தால் போதும். முடி வளரும்போதே பாதரசம் அதன் கெரட்டின் என்ற புரதத்திலுள்ள கந்தகத்தோடு ஒட்டிக்கொள்கிறது; உறையில் போட்டால் கெடாது. ஒரே குறை, முடி முளைத்த காலத்தைத்தான் அது சொல்லும், அப்போது வவ்வால் வேறு ஊரில் மேய்ந்திருக்கலாம்.

என்னைக் கேட்டால் முதலில் முடி. அதில் அளவு கூடுதலாக இருந்தால் மட்டும், அப்புறம் ரத்தம்.