எல்விகிரியேட்: ஒரே வாக்கியம், இரு வேறு எடை

பழுதாகத் தொடங்கியிருந்த ஒரு டிஸ்க்கை அண்மையில் மாற்ற வேண்டியிருந்தது. டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் மாற்று இடத்துக்கு ஒதுக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை தொடர்ந்து ஏறிக்கொண்டே போனதால், அது முற்றிலும் நின்றுபோவதற்கு முன்பே பிவிமூவ் கட்டளையைக் கொடுத்து, அதிலிருந்த அனைத்தையும் புதிய டிஸ்க்குக்கு நகர்த்தினோம். அந்த நேரம் முழுவதும் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்த மெய்நிகர் கணினிகளில் ஒன்றைக்கூட நிறுத்தவில்லை. நடுவில் மின்சாரம் போயிருந்தாலும், அதே கட்டளையை எந்த விவரமும் தராமல் மறுபடி கொடுத்தால் விட்ட இடத்துக்கு அருகிலிருந்தே அது தொடர்ந்திருக்கும். லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் மீது எனக்குள்ள மதிப்புக்கு இந்த ஒரு வசதியே போதும். ஆனால் நகர்த்தல் முடிந்த பின்பு, காலியான இடங்களில் புதிய வால்யூம்களை உருவாக்குவதற்காக எங்கள் ஸ்கிரிப்டை ஓட்டியபோது, பல ஆண்டுகளாக என்னை எரிச்சலூட்டிவரும் அதே கேள்வி, அங்கே தென்படும் பழைய அடையாளத்தை அழிக்கலாமா என்று எல்விகிரியேட் கட்டளை கேட்பது, மீண்டும் வந்து நின்றது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கேள்வியைப் பற்றியது.

பிவி (டிஸ்க்), விஜி (டிஸ்க்குகளின் இடத்தைச் சேர்த்த வால்யூம் குரூப்), எல்வி (அதிலிருந்து பிரித்துத் தரும் வால்யூம்) என்ற மூன்று அடுக்குகளை இங்கே விரிவாக விளக்கப்போவதில்லை. எங்கள் அமைப்பு எளிமையானது: ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஒரு எல்வி, பெயரும் அளவும் கொண்ட பட்டியலை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வரிவரியாகப் படித்து, எல்விகிரியேட் கட்டளையைக் கொண்டு அவற்றை உருவாக்கும். இந்த வேலைக்கு எல்விகிரியேட் தரும் வேகம் வியக்கத்தக்கது. 500 ஜிபி வால்யூம் ஆனாலும் அது செய்வது 4 எம்ஐபி (மெபிபைட்) அளவுள்ள எக்ஸ்டென்ட் எனும் துண்டுகளில் எவை எவை இந்தப் பெயருக்கு உரியவை என்று குறித்துக்கொள்வது மட்டுமே என்பதால், ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும். அந்தக் குறிப்பும் மனிதர் படிக்கக்கூடிய எழுத்து வடிவிலேயே இருக்கிறது; ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய நிலை ஈடிசி கோப்பகத்தின் கீழுள்ள எல்விஎம் ஆர்க்கைவில் தானாகவே சேமிக்கப்படுகிறது. ஹெயின்ஸ் மவுல்ஸ்ஹாகன் 1998இல் எச்பி-யுஎக்ஸின் வால்யூம் மேலாளரை முன்மாதிரியாகக் கொண்டு எழுதத் தொடங்கிய இந்த அமைப்பு, இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு இந்த ஒளிவுமறைவற்ற தன்மையும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

இனி அந்தக் கேள்வி. புதிய எல்வி ஒன்றை உருவாக்கும்போது, அதற்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் பழைய கோப்பு முறைமையின் அல்லது பகிர்வு அட்டவணையின் அடையாளம் ஏதேனும் தென்பட்டால், எல்விகிரியேட் உடனே நின்று, இந்த ஆஃப்செட்டில் (தொடக்கத்திலிருந்து இத்தனையாவது பைட்டில்) இன்ன அடையாளம் காணப்பட்டது, அழிக்கலாமா, ஆமா இல்லையா என்று கேட்கும். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையாக இருந்தால் ஆஃப்செட் 1080 என்று சொல்லும். ஏனெனில் அதன் சூப்பர்பிளாக் எனும் தலைமைக் குறிப்பு 1024ஆம் பைட்டில் தொடங்குகிறது, அதை அடையாளம் காட்டும் எண் அதற்குள் 56 பைட் தள்ளி இருக்கிறது. பழைய டாஸ் வகைப் பகிர்வு அட்டவணை என்றால் 510. எல்விரிமூவ் கொடுத்து ஒரு வால்யூமை நீக்கும்போது அழிவது குறிப்பு மட்டுமே, உள்ளே இருந்த தரவு அப்படியே கிடக்கிறது என்பதால், அதே எக்ஸ்டென்ட்களில் அதே தொடக்கத்தோடு புதிய வால்யூம் அமையும்போது பழைய அடையாளம் அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டுகிறது.

இதன் விளைவு, புதிய டிஸ்க்கில் ஸ்கிரிப்டைச் சோதித்துப் பார்க்கும் எவருக்கும் இந்தக் கேள்வி வரவே வராது என்பதுதான். வால்யூம்களை உருவாக்கி, நீக்கி, மறுபடி உருவாக்கும் பழக்கம் தொடங்கி மாதங்கள் கழிந்த பிறகு, எல்லாம் சரியாக ஓடுகிறது என்ற நம்பிக்கை ஊன்றிய பிறகு, ஒரு நாள் அது எழுகிறது. எழும்போது ஸ்கிரிப்ட் எங்கிருந்து ஓடுகிறது என்பதைப் பொறுத்து மூன்று விதமாக நடந்துகொள்கிறது. டெர்மினலோ திறந்திருக்கும் பைப்போ இருந்தால், விடை வரும் வரை அசையாமல் காத்திருக்கிறது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ஓடும்போது உள்ளீடு வெறுமையாக இருப்பதால், இல்லை என்று தானே விடை எடுத்துக்கொண்டு அடையாளத்தை விட்டுவிடுகிறது. மிகக் கொடுமையானது மூன்றாவது: பட்டியலை வைல்-ரீட் சுழலில் படிக்கும் ஸ்கிரிப்டுக்குள் இருந்தால், சுழலின் உள்ளீடும் எல்விகிரியேட்டின் உள்ளீடும் ஒன்றே என்பதால், வரிசையில் அடுத்து நிற்கும் வால்யூமின் பெயரையே தன் கேள்விக்கான விடையாக எடுத்து விழுங்கத் தொடங்குகிறது. அந்த வால்யூம் உருவாகாமலே போகும். அது விடுபட்டதைச் சொல்லும் பிழைச் செய்தி எங்கும் இருக்காது. சுழலுக்குள் எல்விகிரியேட்டின் உள்ளீட்டை, எப்போதும் வெறுமையான டெவ்-நல்லுக்குத் திருப்பிவிடுவது இதற்கு எளிய தடுப்பு.

விடையை எக்கோ மூலம் ஒரு ஒய் எழுத்தாக அனுப்பிவிடலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஜிபிடி எனும் புதிய வகைப் பகிர்வு அட்டவணை இருந்த இடம் என்றால் அது பலிக்காது. ஜிபிடிக்கு 512ஆம் பைட்டில் ஒரு தலைப்பு, வால்யூமின் கடைசியில் அதன் நகல், 510ஆம் பைட்டில் பாதுகாப்புக்கான பழைய வகை அடையாளம் என்று மூன்று இருப்பதால், புதிய வால்யூமின் அளவும் பழையதன் அளவும் ஒன்றாக இருந்தால் மூன்று முறை கேட்கும். ஒரு விடை மட்டும் அனுப்பினால், உள்ளீடு தீர்ந்துவிடுவதால் இரண்டாவது கேள்விக்கு இல்லை என்பதே விடையாகிவிடும்.

ஆகவே எல்லோரும் கடைசியில் வந்து சேரும் இடம், எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று விடை தரும் --யெஸ் என்ற தெரிவு. சர்வர்களைத் தானியக்கமாக அமைக்கும் அன்சிபிளின் எல்வால் மாட்யூல்கூட எல்விகிரியேட்டை அழைக்கும்போது இதைத்தான் சேர்த்துக் கொடுக்கிறது. எனக்குள்ள உண்மையான மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது.

எல்விகிரியேட் கேட்கும் அதே வாக்கியத்தை, சொல் மாறாமல், ஒரு டிஸ்க்கை எல்விஎம்முக்கு உரியதாக்கும் பிவிகிரியேட்டும் கேட்கிறது. எல்விகிரியேட்டில் அந்த வாக்கியத்துக்கு எடை ஏறக்குறைய இல்லை: வால்யூம் குரூப்பில் காலி என்று முன்பே குறிக்கப்பட்ட இடத்தில் தென்படும் அடையாளம், யாரோ முன்பு நீக்கிய வால்யூமின் எச்சம் மட்டுமே. பிவிகிரியேட்டில் அதுவே கடைசிக் காவல். இந்த டிஸ்க்கில் இஎக்ஸ்டி4 இருக்கிறது என்று அது சொன்னால், மவுண்ட் செய்யப்படாமல் உயிரோடு இருக்கும் ஒருவருடைய தரவின்மேல் கை வைக்கப் போகிறீர்கள் என்று பொருளாக இருக்கலாம். மவுண்ட் செய்யப்பட்ட டிஸ்க்காக இருந்தால் தனக்கு மட்டுமாகத் திறக்க முடியவில்லை என்று பிவிகிரியேட் மறுத்துவிடும். மவுண்ட் செய்யப்படாததற்கு இந்தக் கேள்வியைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. எஸ்டிபி, எஸ்டிசி போன்ற பெயர்கள் சர்வரை மறுதொடக்கம் செய்யும்போது இடம் மாறக்கூடியவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதன் அபாயம் விளங்கும். எடையற்ற இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டு, --யெஸ் என்று எழுதும் பழக்கத்தை நிர்வாகிகளின் விரல்களுக்கு ஊட்டிவிட்டு, எடையுள்ள இடத்திலும் அதே வாக்கியத்தை அதே தெரிவால் கடக்க விடுவது நல்ல வடிவமைப்பு அல்ல. எங்கள் விதியை இதற்காகவே எழுதி வைத்திருக்கிறோம்: பிவிகிரியேட் எந்த ஸ்கிரிப்டிலும் --யெஸ் உடன் வரக் கூடாது, டிஸ்க்கின் பெயர் ஐடி வழியாக அடையாளம் காட்டும் நீண்ட பாதையாகவே இருக்க வேண்டும்.

கேள்வி மட்டும் எழாமல் இருந்தால் போதும் என்பவருக்கு, அடையாளங்களைத் தேடி அழிப்பதைக் கட்டுப்படுத்தும் -டபிள்யூ தெரிவை இல்லை என்று கொடுக்கும் வழி இருக்கிறது. ஆனால் அப்போதும் புதிய வால்யூமின் முதல் 4 கேஐபி (4096 பைட்), வேறு தெரிவால் தடுக்காத வரை, பூஜ்யங்களால் நிரப்பப்படுகிறது. இஎக்ஸ்டி4இன் முதன்மை அடையாளம் இருப்பது அந்த 4 கேஐபிக்குள்தான். அதாவது ஒரு வழியில் அனுமதி கேட்டு அழிக்கப்படுவது, இன்னொரு வழியில் கேட்காமலே அழிக்கப்படுகிறது. கடைசியில் இருக்கும் ஜிபிடி நகல் மட்டும் தப்பிவிடுகிறது. இந்த இரண்டு நடத்தைகளுக்கும் இடையே ஒரு கொள்கை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பற்றி எல்விகிரியேட் வாயே திறப்பதில்லை. அடையாளத்தை அழிப்பது, காலி செய்த வீட்டின் வாசலில் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றுவதைப் போன்றது. உள்ளே இருந்த சாமான்கள் எதுவும் நகர்வதில்லை. வால்யூமை நேரடியாக மெய்நிகர் கணினிக்குக் கொடுக்கும்போது, அதன் புதிய பயனர் டிடி கட்டளையால் தன் டிஸ்க்கை முழுவதும் படித்துப் பார்த்தால், முந்தைய பயனரின் தரவுத்தளமும் கடவுச்சொல் கோப்பும் அவர் கண்ணில் படக்கூடும். வெவ்வேறு ஆட்களுக்கு இடம் கொடுக்கும் சர்வரில் இது சிறிய விஷயமல்ல. எல்விஎம் அமைப்புக் கோப்பில் இஷ்யூ-டிஸ்கார்ட்ஸ் என்பதை 1 ஆக்கினால், நீக்கும்போது டிஸ்க்குக்கு, இந்த இடம் இனி தேவையில்லை என்று சொல்லும் டிஸ்கார்ட் கட்டளை போகும். இயல்பில் அது 0. மேலும், டிஸ்கார்ட் செய்த இடம் எப்போதும் பூஜ்யமாகவே படிக்கப்படும் என்று எல்லா டிஸ்க்குகளும் உறுதி தருவதில்லை.

எங்கள் ஸ்கிரிப்டில் இதற்கெல்லாம் தீர்வு கிடைத்தது உருவாக்கும் பகுதியில் அல்ல, நீக்கும் பகுதியில். ஒரு வால்யூமில் இருப்பது இனி வேண்டாம் என்பது உறுதியாகத் தெரிந்த தருணம் அதை நீக்கும் தருணம்தான். அந்த முடிவை எடுத்தவரும் அப்போதுதான் எதிரே இருக்கிறார். எனவே எல்விரிமூவ் கொடுப்பதற்கு முன், பிளாக்டிஸ்கார்ட் கட்டளையைப் பூஜ்யம் எழுதும் தெரிவோடு கொடுத்து வால்யூம் முழுவதையும் துடைத்துவிடுகிறோம். பெரிய வால்யூம்களுக்கு, அதுவும் சுழலும் டிஸ்க்குகளில், இது மணிக்கணக்கில் ஆகும். ஆனாலும் அது பின்னணியில் நடக்கும் வேலை, யாரும் காத்திருப்பதில்லை. அதன் பிறகு உருவாக்கும் பகுதியில் --யெஸ் தேவையே இல்லாமல் போய்விட்டது. பதிலாக, செய்திகளை அடக்கும் -கியூ தெரிவை இரண்டு முறை கொடுக்கிறோம். அப்படிக் கொடுத்தால் எந்தக் கேள்விக்கும் இல்லை என்பதே விடையாகும். எதிர்பாராத அடையாளம் ஒன்று தென்பட்டால், நாங்கள் துடைக்காத இடம் எங்கோ இருக்கிறது என்று பொருள், அது அழிக்கப்படாமல் இருப்பதே நல்லது. பிவிமூவ் காலியாக்கிய இடங்கள் அத்தகையவைதான். அண்மைப் பழுதுக்குப் பிறகு கேள்வி திரும்பி வந்ததற்கு அதுவே காரணம்.

எழுதும்போது மட்டும் இடத்தை ஒதுக்கும் தின் பூல் பயன்படுத்துவோருக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்னும் எழுதப்படாத பகுதியைப் படித்தால் பூஜ்யமே வரும். புதிய துண்டு முதன்முறை ஒதுக்கப்படும்போது அது இயல்பாகவே பூஜ்யமாக்கப்படுகிறது. ஆகவே பழைய அடையாளமும் இல்லை, பழைய தரவும் கசியாது. அதற்கு விலை வேறு: பூல் நிரம்பினால் தானாக விரிவடையும் வரம்பு இயல்பில் 100 சதவீதம் என்று வைக்கப்பட்டிருக்கிறது, அதாவது விரிவடைவதே இல்லை. கண்காணிக்காமல் விட்டால், எழுதும் முயற்சிகள் 60 நொடி காத்திருந்து, பிறகு பிழையோடு திரும்பத் தொடங்கும். எங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

மற்ற குறைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இடம் போதவில்லை என்றாலும், அந்தப் பெயரில் வால்யூம் ஏற்கெனவே இருந்தாலும் எல்விகிரியேட் திருப்பித் தரும் எண் 5தான். எது நடந்தது என்று ஸ்கிரிப்டால் பிரித்தறிய முடியாது, முன்கூட்டியே, வால்யூம்களைப் பட்டியலிடும் எல்விஎஸ் மூலம் விசாரித்துக்கொள்ள வேண்டும். அந்த எல்விஎஸ், விஜிஎஸ் பட்டியல்களோ 1 டிபி டிஸ்க்கின் அளவை 931.51 என்ற எண்ணுக்கு முன்னால் ஒரு சிறுமைக் குறியோடு (<) காட்டுகின்றன. கணக்கிடும் ஸ்கிரிப்ட் அங்கேயே தடுக்கி விழும். அலகைப் பைட்டாக வைத்து, பின்னொட்டை நீக்கி, ஜேசான் வடிவில் கேட்டு வாங்குவதே சரியான வழி. பெயரில் சிறுகோடு வைத்தால் டெவ்-மேப்பர் பாதையில் அது இரட்டிப்பாகும் என்பதால், அடிக்கோடு பயன்படுத்துங்கள். அளவு கொடுக்கும்போது சிறிய ஜி, பெரிய ஜி இரண்டும் 1024இன் மடங்குகள். காட்டும்போது மட்டும் பெரிய எழுத்து 1000இன் மடங்காகிவிடுகிறது.

நியாயமாகப் பேசினால், அந்தக் கேள்வியை வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. தவறி நீக்கப்பட்ட வால்யூமை, ஆர்க்கைவில் உள்ள எக்ஸ்டென்ட் விவரங்களைப் பார்த்து அதே இடத்தில் கைப்பட மறுபடி உருவாக்கி மீட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த அடையாளமே புதையல், அதை ஓசையின்றி அழிக்கும் கருவி அவர்களுக்குப் பகையாகிவிடும். மனிதர் ஒருவர் டெர்மினலில் அமர்ந்து ஒரே ஒரு வால்யூமை உருவாக்கும் வேலைக்கு எல்விகிரியேட்டைவிடக் கவனமான கருவி எனக்குத் தெரியாது. பிவிமூவ் போன்ற ஒன்றை இத்தனை நம்பகமாகத் தந்த அமைப்பை விட்டு நான் போகப்போவதும் இல்லை.

இவ்வளவு சொன்ன பின்பும், ஆளில்லாமல் ஓடும் ஸ்கிரிப்டுக்குள் எல்விகிரியேட்டைப் புதிதாக வைக்கப் போகிறவருக்கு, இன்று என்னிடம் உள்ள விடை வேண்டாம் என்பதே. நீக்கும் வேலையையும் அதே ஸ்கிரிப்டின் பொறுப்பில் வைத்திருந்தால் மட்டும் வையுங்கள். வால்யூம்களை வேறு யாரோ கைப்பட நீக்கும் இடமாக இருந்தால், சாதாரண கோப்புகளாகச் சேமிக்கப்படும் கியூகவ்2 டிஸ்க்குகளே போதும். காலி இடத்தில் அடையாளம் கண்டால் கேட்காமல், அழிக்காமல், 5 அல்லாத ஒரு தனி எண்ணோடு திரும்பும் தெரிவு ஒன்று எல்விகிரியேட்டில் வரும் நாளில், இந்த விடையை மாற்றிக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.