12 டிகிரித் தண்ணீரில் இரண்டு நிமிடம்

வேளச்சேரியில் ஒரு ஜிம்மின் மொட்டை மாடியில் ஐஸ் பாத், அதாவது கழுத்துவரை இறங்கி உட்காரும் குளிர்நீர்த் தொட்டி, போட்டிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 600 ரூபாய், ஆறு தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் 3,000. என் 49-வது பிறந்தநாளுக்கு மகன் கட்டிவிட்டான். "காசிமேட்டில் வஞ்சிரத்தைத்தான் ஐஸில் போடுவார்கள், என்னை எதுக்குடா?" என்று கேட்டுப் பார்த்தேன். கட்டிய பணம் திரும்ப வராதாம். சரி என்று போனேன்.

அங்கே நிற்கும் பையன் முதலில் பிரஷர் பார்த்தார், நெஞ்சுவலி வந்ததுண்டா என்று கேட்டார். அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் உறுமிக்கொண்டிருக்க, திரையில் 12.0. கழுத்துவரை இறங்கியதும் மூச்சு 'ஹக்'கென்று உள்ளே போனது, வெளியே வரவில்லை. "சார், ஊதுங்க! சூடான டீயை ஊதுற மாதிரி ஊதுங்க!" ஊதினேன். ஒரு நிமிடம் கழித்துத்தான் மூச்சு என் சொல்லைக் கேட்டது. இரண்டு நிமிடத்தில் அவரே கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

தோல் சட்டென்று குளிர்ந்தால் மூச்சும் நெஞ்சுத் துடிப்பும் எகிறுவது அனிச்சைச் செயல். வீரம் பேசி அடக்க முடியாது, ஆனால் பழக்கலாம். ஐந்தாறு தடவை, இரண்டு மூன்று நிமிடம் இறங்கினாலே அந்தத் திணறல் ஏறக்குறைய பாதியாகிவிடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு நான்காவது தடவையே 'ஹக்' போய்விட்டது. போன மாதம் கணக்கு முடிக்கிற நாளில் மேனேஜர் குரலை உயர்த்தியபோது, நான் பாட்டுக்கு டீ ஊதிக்கொண்டிருந்தேன். ஐஸின் வேலையா, ஊதச் சொன்ன ஜிம் பையனின் யோசனையா என்று வாதாட நான் தயாரில்லை.

பிடிக்காதது சுவரில் இருக்கும் பலகை: '10 நிமிடம் தாங்கினால் டி-ஷர்ட் இலவசம்'. அரைக் கரண்டி மருந்து என்றால் பாட்டிலையா கவிழ்ப்பது? இன்னொன்று, எடை தூக்கி முடித்தவர்களை நேராக மாடிக்கு அனுப்புகிறார்கள். எடை தூக்குவதும் உடம்புக்கு ஒரு சின்னத் தொல்லைதான். அந்தத் தொல்லைதான் தசையை வளரச் சொல்கிறது. அதை உடனே ஐஸில் போட்டு அடக்குவானேன்? ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் குளிர்நீரில் இறங்கியவர்களுக்கு 12 வாரத்தில் தசை குறைவாகவே வளர்ந்தது என்று 2015-லேயே ஓர் ஆய்வு வந்துவிட்டது. தசைதான் வேண்டும் என்றால் ஐஸை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உடை மாற்றும் அறையில் ஒரே ஒரு ஆணி. டவலுக்குத் தனியாக 50 ரூபாய், அநியாயம். ஆனால் ஏறி வந்து பல் தந்தியடிக்க மாடி வெயிலில் நிற்பேன் பாருங்கள், மே மாதத்துச் சென்னை வெயில் இனித்த ஒரே இடம் அதுதான். அடுத்த ஆறு தடவைக்கும் கட்டியாயிற்று, இந்த முறை என் காசு. டவல் மட்டும் வீட்டிலிருந்து.