ஏஹெச்எல்லிலேயே இருப்பதா, ஜெர்மனிக்குப் போவதா?

முப்பதைத் தாண்டிய ஓர் ஐஸ் ஹாக்கி தடுப்பாட்டக்காரர். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்ஹெச்எல்லில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஆட்டங்கள், மீதி வாழ்க்கையெல்லாம் ஒரு படி கீழே, ஏஹெச்எல்லில். கோடை வந்தால் அவர் முன்னே இரண்டு வழிகள்.

ஏஹெச்எல்லில் இருந்தால் ஆசை உயிரோடிருக்கும். மேலே யாருக்காவது அடிபட்டால் காலையில் போன் வரும், இரவு பெரிய அரங்கில் ஆட்டம். சம்பளமும் மாறும்: 2025-26இல் என்ஹெச்எல்லின் குறைந்தபட்சம் 7,75,000 டாலர். ஆனால் அங்கே இருந்த நாட்களுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு! மறுவாரம் பழையபடி ஏஹெச்எல்லின் பஸ் பயணம். சீசனுக்கு 72 ஆட்டங்கள், சில வாரங்களில் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாளும் ஆட வேண்டிவரும். அதைவிடக் கொடுமை, அனுபவமே எதிரியாவது. கோல்கீப்பர்கள் போகக் களமிறங்கும் 18 பேரில் 13 பேர் வளரும் வீரர்களாக, அதாவது குறைவான தொழில்முறை ஆட்டங்களே ஆடியவர்களாக, இருக்க வேண்டும் என்பது விதி. 320 தொழில்முறை ஆட்டங்களைத் தாண்டியவர்கள் மிச்சமுள்ள 5 இடங்களுக்கு மோத வேண்டும்.

ஜெர்மனியின் உச்ச லீக்கான டிஇஎல்லில் 52 ஆட்டங்கள், பெரும்பாலும் வெள்ளியும் ஞாயிறும். வீடு, கார் எல்லாம் கிளப்பே தருவது வழக்கம். பாதி சீசனில் பெட்டி கட்டும் பயம் குறைவு. சரி, அங்கேயும் சிக்கல் உண்டு: வெளிநாட்டவருக்கு எண்ணிக்கை வரம்பு. ஐரோப்பாவில் பல களங்கள் அமெரிக்காவின் 26 மீட்டரைவிட அகலம் என்பதால் மெதுவாகச் சறுக்குபவர் திணறுவார்.

இருபத்தைந்து வயது என்றால் பஸ்ஸிலேயே இருக்கச் சொல்வேன். பள்ளி போகும் பிள்ளை இருந்தால் ஜெர்மனிதான்.