கேக் மேல் வைக்கும் சிவப்பு செர்ரி: பாக்கெட்டின் பின்பக்கம்

வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். இந்த முறை பேக்கரிச் சாமான் கடையில் கொஞ்சம் மலிவான செர்ரி பாக்கெட் வாங்கினேன். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. கடித்தால் சர்க்கரைப் பாகுதான், பழ வாசனையே இல்லை. காரணம் பின்பக்கம் இருக்கிறது: களாக்காய், சர்க்கரை, பிறகு சேர்க்கைப் பொருட்களின் எண்களாக 330, 211, 220, 127. செர்ரியே கிடையாது! களாக்காயில் எனக்கு வெறுப்பில்லை, எங்கள் வீட்டு ஊறுகாயே அதுதான். ஆனால் முன்பக்கத்தில் செர்ரி படம் போட்டது சரியில்லை.

330 சிட்ரிக் அமிலம், பயமில்லை. 211 சோடியம் பென்சோயேட், கெடாமல் இருக்கச் சேர்ப்பது. 220 சல்ஃபர் டை ஆக்சைடு, அதுவும் கெடாமல் காக்கத்தான். ஆஸ்துமா உள்ள சிலருக்கு இது மூச்சுத் திணறலைக் கிளப்பும், அதனால் ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுகிறேன். 127 எரித்ரோசின் என்ற சிவப்பு நிறமி. புளிப்பில் கரையாது என்பதால் கிரீமில் சிவப்பு இறங்கவே இல்லை, அந்த ஒரு விஷயத்தில் பாக்கெட் தேறியது. எலிகளுக்குத் தைராய்டு கட்டி வந்ததால் அமெரிக்கா 2025 ஜனவரியில் இந்த நிறத்துக்கான அனுமதியை ரத்து செய்தது. உணவிலிருந்து நீக்க 2027 வரை அவகாசம். மனிதர்களிடம் அந்தப் பாதிப்பு காணப்படவில்லை. இந்தியாவில் அளவோடு சேர்க்க அனுமதி உண்டு.

பெரியவர்கள் ஒன்றிரண்டு சாப்பிடலாம். குழந்தைகள் பிறந்தநாள் கேக்குக்கு இனி மாதுளை முத்துதான் வைப்பேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.