கோவையில் ரூமா, பொள்ளாச்சித் தோப்பா?

கோயமுத்தூருக்கு வருகிறவர்கள் ரூம் போடும்போது முதலில் வாடகையைப் பார்க்கிறார்கள், அப்புறம் போட்டோவை. இரண்டுக்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது, மறுநாள் காலை எந்தப் பக்கம் கிளம்பப் போகிறோம் என்பது. இந்த ஊரில் பஸ் ஸ்டாண்டே திசைக்கு ஒன்று. பொள்ளாச்சி, பழநி, பாலக்காடு என்றால் உக்கடம். மதுரை, திருச்சி, கரூர் என்றால் சிங்காநல்லூர். ஊட்டி, குன்னூர் என்றால் மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் ஸ்டாண்ட். சேலம், ஈரோடு, திருப்பூர் என்றால் காந்திபுரம். மலிவாகக் கிடைத்ததே என்று சிங்காநல்லூரில் ரூம் போட்டுவிட்டு, ஊட்டி பஸ் பிடிக்க ஊரையே குறுக்கே கடந்து போகிறவர், மிச்சம் பிடித்த காசை ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

ஊருக்குள் பழைய போட்டி, ரயில்வே ஸ்டேஷன் எதிர்ப்பக்கத்துக்கும் காந்திபுரத்துக்கும். ஜங்ஷனுக்கு வெளியே வந்து ரோட்டைத் தாண்டினால் கீதா ஹால் ரோடு; வரிசையாக லாட்ஜ்கள். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ்ஸிலோ சேரனிலோ விடியற்காலை வந்து இறங்குகிறவர், பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போய்ப் படுத்துவிடலாம். சிறிய லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. காலை ஐந்தரைக்குச் சாவி வாங்கினால் மறுநாள் ஐந்தரை வரை அறை உங்களுடையது. பெரிய ஓட்டல்களில் பகல் 12 மணிக்கு 12 மணி. விடியற்காலை போய் நின்றால் கூடுதல் வாடகை கேட்பார்கள், இல்லையென்றால் லாபி சோபாதான். ரயிலில் வருகிறவருக்கு இந்த ஒரு வித்தியாசம் நட்சத்திரக் கணக்கைவிட முக்கியம். ஆனால் மறுநாள் ஐந்தரைக்கே ரூம் பையன் கதவைத் தட்டி, “சார், டைம் ஆயிடுச்சுங்க, கண்டினியூ பண்றீங்களா?” என்று கேட்பதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஸ்டேஷன் பக்கம் தங்கினால் டவுன்ஹால், கோனியம்மன் கோயில், ஒப்பணக்கார வீதி எல்லாம் பக்கம், உக்கடமும் தூரமில்லை. ரோட்டைப் பார்த்த அறை வேண்டாம், பின்பக்கம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் போத்தனூர் என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்; சில ரயில்கள் கோவை ஜங்ஷனுக்குள் வராமல் அந்த வழியாகவே போய்விடும்.

காந்திபுரத்துக்குச் சாதகமாகச் சொல்ல மூன்று விஷயம் உண்டு. கல்யாணத்துக்கு ஜவுளியும் நகையும் எடுக்க வந்தவர்களுக்குக் கிராஸ்கட் ரோடு காலடியில் இருக்கிறது. டவுன் பஸ் எல்லாப் பக்கமும் கிடைக்கும். இரவு ஆம்னி பஸ் ஏறுகிறவர்களுக்கும் வசதி. மற்றபடி ஓய்வுக்காக அங்கே தங்குவதில் அர்த்தமில்லை. ஹாரன் சத்தம் ஓய நள்ளிரவு ஆகும், மறுபடி நாலு மணிக்கே தொடங்கிவிடும். வயதானவர்களோடு வந்தால் என் ஓட்டு ஸ்டேஷன் பக்கத்துக்குத்தான்.

அவிநாசி ரோடு வேறு உலகம். விமான நிலையம், கொடிசியா கண்காட்சி வளாகம், டைடல் பார்க், பி.எஸ்.ஜி., கே.எம்.சி.ஹெச். ஆஸ்பத்திரிகள், அரவிந்த் கண் மருத்துவமனை எல்லாம் இந்த ஒரே கோட்டில். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம், ஜி.டி. நாயுடு பெயரில், 2025 அக்டோபரில் திறந்த பிறகு பீளமேட்டில் தங்கி ஊருக்குள் வந்து போவது எளிதாகிவிட்டது. முன்பு சிக்னல் சிக்னலாக நின்ற தூரம் அது. அறைகள் புதியவை, வாடகை ஒரு படி மேலே. கண்காட்சி நாட்களில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஜூலையில் அக்ரி இன்டெக்ஸ் விவசாயக் கண்காட்சி நடக்கும்போது அதே அறை வேறு விலை சொல்லும்.

ஆஸ்பத்திரிக்காக வருகிறவர்களுக்கு ஓட்டலே சரிப்படாது. பத்து நாள் இருக்க வேண்டியிருந்தால், ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்களில் சமையல்கட்டோடு நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் வீடு கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பு இருப்பது ஏசியைவிடப் பெரிய வசதி. கங்கா மருத்துவமனை என்றால் சாய்பாபா காலனிப் பக்கம் தேட வேண்டும், அவிநாசி ரோட்டில் அல்ல.

ஆர்.எஸ்.புரம் எனக்குப் பிடித்த இடம். மரம் இருக்கிறது, டி.பி. ரோட்டில் சாயங்காலம் நடக்கலாம், குழாயைத் திறந்தால் சிறுவாணித் தண்ணீர். ரேஸ்கோர்ஸும் நன்றாகத்தான் இருக்கும், பில்லை அலுவலகம் கட்டினால்.

வரியைப் பற்றி ஒரு வரி: 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில்லில் இன்னும் 12 போட்டிருந்தால் கேளுங்கள்.

இனி ஊருக்கு வெளியே. பொள்ளாச்சி நாற்பது கிலோமீட்டர்; நாலுவழிச் சாலையில் ஒரு மணி நேரம் போதும். ஆனைமலை, ஆழியாறு, சேத்துமடைப் பக்கம் தோட்டத்துச் சாளைகளை, அதாவது தோட்டத்து வீடுகளை, புதுப்பித்து ஹோம்ஸ்டே ஆக்கியிருக்கிறார்கள். சாளை என்றால் கட்டுத்தரையில் மாடு, வாசலில் கயிற்றுக் கட்டில், விடியால மயில் கத்தல், இது எல்லாமும் சேர்த்துத்தான். நல்ல இடம் அமைந்தால் சாப்பாட்டுக்கே போகலாம். வீட்டம்மா வந்து, “ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சோறு போட்டுர்லாமுங்களா, இல்ல சந்தகை புழிஞ்சு தரட்டுங்களா?” என்று கேட்கும் இடமாக இருந்தால் விசாரிக்க வேறெதுவும் இல்லை. மெனு கார்டு நீட்டி கோபி மஞ்சூரியன் தருகிற இடம் என்றால், அதற்குக் கோவையிலேயே இருந்துகொள்ளலாம்.

போட்டோவில் தெரியாத சில விஷயங்கள் உண்டு. முதலாவது மட்டை மில். தேங்காய் விளையும் ஊரில் நார் ஆலை இருக்கத்தானே செய்யும். காற்று திரும்பினால் தூசி உங்கள் திண்ணைக்கு வரும். இரண்டாவது கோழிப்பண்ணை. புக் பண்ணும் முன் கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்து, அந்த வீட்டைச் சுற்றிப் பாருங்கள். நீளநீளமாக, ஒரே அளவில், வரிசையாகக் கூரைகள் தெரிந்தால் பெரும்பாலும் அது பண்ணைதான். ஈ மொய்ப்பதற்குத் தயாராகிக்கொள்ளலாம். மூன்றாவது வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ இன்னும் போகவில்லை. ஓலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சி, பசை மாதிரி ஒன்றைக் கீழே சொட்டும். அதன்மேல் கரும்பூஞ்சை படரும். மரத்தடியில் ராத்திரி நிறுத்திய வெள்ளைக் காரைக் காலையில் தொட்டுப் பார்த்தால் கை ஒட்டும். காருக்குக் கூரை இருக்கிறதா என்று கேட்பது இந்தப் பக்கத்தில் நியாயமான கேள்வி.

ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும்போது தோப்புக்குள் இருப்பது தனி சுகம். ஆனால் பகலெல்லாம் கோவையில் கல்யாண வேலை, ராத்திரி மட்டும் தோப்பில் தூக்கம் என்று திட்டம் போட்டால் இரண்டும் கெடும். தோப்பில் தங்குவதென்றால் அன்றைக்கு வேறு வேலை வைக்கக் கூடாது. மாசாணியம்மன் கோயில், ஆழியாறு அணை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேற்கே பேரூரைத் தாண்டி, வெள்ளியங்கிரி அடிவாரம் நோக்கிப் போனாலும் தோட்ட வீடுகள் உண்டு. மலை இன்னும் கிட்டத்தில், தூரமும் குறைவு. கோவைக் குற்றாலம், ஈஷா யோகா மையம், பேரூர்க் கோயில் பார்க்க வந்தவர்களுக்கு இதுதான் வசதி. ஆனால் நரசீபுரம், தடாகம் பக்கமெல்லாம் யானை வரும் பூமி. பொழுது சாய்ந்தபின் பைக்கில் வெளியே சுற்றுவது கூடாது. அப்படிச் சுற்றுகிறவர்களோடு வந்திருந்தால் பொள்ளாச்சியே உத்தமம். மகா சிவராத்திரியை ஒட்டி ஈஷாவுக்கு வரும் கூட்டத்தில் இங்கே அறை கேட்டு அலைய வேண்டாம்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு காரணத்துக்காக மட்டும் தங்கலாம். ஊட்டி மலை ரயில் அங்கிருந்துதான் காலை 7.10-க்குக் கிளம்புகிறது. கையில் டிக்கெட் இருந்து, கூட குழந்தைகளும் இருந்தால், கோவையில் நாலு மணிக்கு அவர்களை எழுப்புவதைவிட முந்தின ராத்திரியே அங்கே போய்ப் படுப்பது நல்லது. டிக்கெட் இல்லை என்றால் அந்த ஊரில் ராத்திரி தங்க வேலை இல்லை.

வால்பாறையை இந்தப் போட்டியில் சேர்க்கவே கூடாது. 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, அன்றே இறங்கிக் கோவை ரூமுக்குத் திரும்புகிறவர்கள் பார்ப்பது ரோட்டை மட்டும்தான். போவதென்றால் மேலேயே ஓர் இரவு. 2025 நவம்பரிலிருந்து இ-பாஸும் வேண்டும். அதைக் கிளம்பும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆழியாறு செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டி போனில் சிக்னல் தேடுகிறவர்களை இப்போதெல்லாம் தினமும் பார்க்கலாம்.