படகில் பாறைக்கா, ஆட்டோவில் வட்டக்கோட்டைக்கா?

கன்னியாகுமரியில் ஒரே நாள்தான் இருக்கிறது என்பவர்கள் கேட்பது இது: விவேகானந்தர் பாறையா, வட்டக்கோட்டையா?

நேரம்: பாறைக்குப் படகில் சில நிமிடம்தான், வரிசைதான் நேரத்தைத் தின்னும். சபரிமலை சீசனில் கேட்கவே வேண்டாம். விடிந்ததும் போய் நின்றுவிடுங்கள். அவசரமென்றால் கூடுதல் கட்டணச் சீட்டும் உண்டு. கோட்டைக்கு ஆறேழு கிலோமீட்டர், ஆட்டோ போதும்.

பார்க்க: பாறையில் 1970-இல் திறந்த மண்டபம், பக்கத்துப் பாறையில் 133 அடி வள்ளுவர். முன்பெல்லாம் கடல்மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு போகாது. எத்தனை பேர் ஏமாந்து திரும்பியிருக்கிறார்கள்! 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் இப்போது நடந்தே போய்விடலாம். கோட்டையில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்துக் கருங்கல் மதில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை.

சிரமம்: மண்டபத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், மதியம் கல் சுடும். காற்று பலத்தால் படகே ஓடாது. கோட்டைக்கு அந்தக் கவலை இல்லை.

முதல்முறை வருகிறவர்கள் பாறைக்கே போங்கள். கைக்குழந்தையோ, படகென்றால் பயப்படும் பெரியவர்களோ கூட இருந்தால், வெயில் தாழ்ந்ததும் கோட்டை.