மடித்துச் செய்த நுண்ணோக்கி: மூன்று மாதம் வைத்துப் பார்த்ததில்

எனக்குத் தொழில் புரூப் பார்ப்பது. மெய்யெழுத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி இருக்கிறதா, வேண்டாத இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று தேடியே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. கண்ணாடியின் பவரும் மூன்று தடவை ஏறிவிட்டது. அதனால் ஃபோல்ட்ஸ்கோப் கைக்கு வந்ததும், எல்லாரையும் போல எறும்பின் காலை முதலில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு புள்ளியைத்தான் வைத்தேன். 'க்' எழுத்தின் புள்ளி.

அது என்ன ஆனது என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இது என்ன சாமான் என்று சொல்லிவிடுகிறேன்.

பார்த்தால் நுண்ணோக்கி என்று யாரும் நம்ப மாட்டார்கள். வாழ்த்து அட்டை மாதிரி ஒரு தாள். தண்ணீர் பட்டால் ஊறாத, எளிதில் கிழியாத வகை. வெட்டுக்கோடும் மடிப்புக்கோடும் போட்டிருக்கிறது. துண்டுகளைப் பிய்த்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகினால் விரலளவு அகலத்தில் ஒரு பட்டை கிடைக்கும். நடுவில் ஒரு துளை, அதில் குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி மணி ஒன்று. லென்ஸ் அவ்வளவுதான். குழல் கிடையாது, கண்ணாடிகளின் அடுக்கு கிடையாது, திருகும் சக்கரம் கிடையாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கியது. 2014இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மூன்று மாடி உயரத்திலிருந்து போட்டும், காலால் மிதித்தும் பார்த்தார்களாம், ஒன்றும் ஆகவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். களப் பயணங்களில், விலை உயர்ந்த நுண்ணோக்கியைக் கெட்டுப்போகுமோ என்ற பயத்திலேயே யாரும் தொடாமல் வைத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் பிரகாஷுக்கு இந்த யோசனை வந்தது. மிதித்துக் காட்டியதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பத்து நிமிடத்தில் மடித்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது. படக் குறிப்பில் 'உள்பக்கமாக' என்று போட்டிருந்த ஒரு மடிப்பை வெளிப்பக்கமாக மடித்துவிட்டேன். அடுத்தவர் பிழையைத் தேடிப் பிடிப்பதே தொழிலாக உள்ளவனுக்கு இது கொஞ்சம் அவமானம்தான். பத்து வயது மகள் கையில் வாங்கி, பிரித்து, திருப்பி மடித்துக் கொடுத்தாள். "படத்தப் பாத்து மடிங்கப்பா, யோசிச்சு மடிக்காதீங்க" என்று அறிவுரையும் இலவசம்.

இனி புள்ளி.

லேசர் பிரிண்டரில் எடுத்த புரூப் தாளிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி ஸ்லைடில் வைத்து விளக்கை நோக்கிப் பிடித்தேன். ஒரே இருட்டு. இந்த நுண்ணோக்கியில் ஒளி பின்னாலிருந்து ஊடுருவித்தான் வர வேண்டும். தடித்த பொருள் எதை வைத்தாலும் கறுப்பு நிழல்தான் தெரியும். மேலிருந்து விளக்கடிக்கலாமே என்றால் அதற்கும் இடமில்லை, லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவே இடைவெளி. கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, தாளின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். எண்ணெய் பட்ட காகிதம் ஒளியை விடும் என்பது யாருக்கும் தெரிந்ததுதானே.

தெரிந்தது. முதலில் நாரின் காடு. வைக்கோல் போரைக் கலைத்துப் போட்ட மாதிரி வெளிறிய நார்கள் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. பட்டையின் இரு முனைகளையும் கட்டைவிரல்களால் மெல்ல நகர்த்த நகர்த்த, ஓரத்தில் ஒரு கரிய கரை எழுந்து வந்தது. அதுதான் புள்ளி. வட்டம் இல்லை. கடற்கரை வரைபடம் மாதிரி உள்ளும் புறமுமாக வளைந்து, நார் போகும் வழியிலெல்லாம் தானும் கொஞ்சம் போய் நின்றிருந்தது. அதைச் சுற்றிக் கறுப்புத் தூள் சிதறிக் கிடந்தது. டோனர் துகள்கள், அதாவது பிரிண்டரின் மைத்தூள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட எட்டு மைக்ரான். எட்டு மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரை நூற்றிருபத்தைந்தாகப் பிரித்ததில் ஒரு பங்கு. நம் இரத்தச் சிவப்பணு ஒன்றின் அளவு. வெறும் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் இடத்தில் இத்தனை தூள் கிடக்கிறது. கூர்மை, தெளிவு என்று அச்சகத்தாரிடம் நான் இத்தனை வருடம் போட்ட சண்டையெல்லாம் நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். பள்ளியில் பார்த்த பெரிய நுண்ணோக்கியில் எழுத்து தலைகீழாகத் தெரியும். இதில் நேராகவே தெரிகிறது. அதில் இரண்டு கட்ட லென்ஸ் இருப்பதால் பிம்பம் கவிழும், இது ஒற்றை லென்ஸ். சொல்லப்போனால் பூதக்கண்ணாடியின் மிகக் குட்டித் தம்பி. கண்ணாடி மணி சிறிதாகச் சிறிதாக அதன் வளைவு கூடும், ஒளி இன்னும் கிட்டத்தில் குவியும், உருவம் பெரிதாகும். இதில் உள்ள மணிக்கு 2.4 மில்லிமீட்டர் அளவு விட்டம், கிடைப்பது 140 மடங்கு.

இந்த உத்தி புதிதே இல்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக் பதினேழாம் நூற்றாண்டில் ஒற்றை லென்ஸை வைத்துத்தான் நுண்ணுயிர்களைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார். இன்று மிஞ்சியிருக்கும் அவருடைய லென்ஸ்களில் சிறந்தது இருநூற்றைம்பது மடங்குக்கும் மேலே பெரிதாக்கும். எப்படிச் செய்தார் என்பதைக் கடைசிவரை வாயே திறக்கவில்லை. 2021இல் அந்தக் கருவியை உடைக்காமல் நியூட்ரான் கதிரால் உள்ளே ஊடுருவிப் பார்த்தபோது, அது கண்ணாடி இழையை உருக்கிச் செய்த மணி என்று தெரியவந்தது. ஆங்கிலேய அறிவியலாளர் இராபர்ட் ஹூக் 1665இலேயே அச்சில் வெளியிட்டிருந்த செய்முறையை ஒத்த மணி! முந்நூற்றைம்பது வருடம் பொத்தி வைத்த இரகசியம் கடைசியில் அடுத்தவர் புத்தகத்தில் இருந்தது போலிருக்கிறது. ஃபோல்ட்ஸ்கோப்பில் புதிது மணி இல்லை, மடிப்பு. லென்ஸையும் பொருளையும் ஒளியையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் வேலையைப் பித்தளைக்குப் பதிலாக மடித்த தாளிடம் விட்டிருக்கிறார்கள். மைக்ரான் கணக்கில் நகர வேண்டிய இடத்தில் காகிதம் போதும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதைத்தான் நான் கண்டுபிடிப்பு என்பேன்.

பயன்படுத்தும்போது உள்ள சிரமத்தையும் சொல்ல வேண்டும். கண்ணைத் தள்ளி வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இமை முடி லென்ஸில் உரசும் அளவுக்கு ஒட்ட வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிவிடுங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் குறையை ஃபோகஸே சரிக்கட்டிவிடும். முதல் வாரம் எனக்குக் கை நடுங்குகிறதா, உயிரினம் நடுங்குகிறதா என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. வட்டத்தின் நடுவில் கூர்மை, ஓரத்தில் மங்கல். அது முழு உருண்டை லென்ஸின் பிறவிக் குணம், எவ்வளவு துடைத்தாலும் போகாது. துடைக்காமல் விட்டதால் வந்த மங்கலும் ஒன்று உண்டு, அது என் கட்டைவிரல் ரேகை. பகலில் வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்கலாம், ஆனால் சூரியனை நோக்கி மறந்தும் பிடிக்காதீர்கள், கண் போய்விடும்.

காந்த வளையத்தால் போன் கேமராவோடு ஒட்டிக்கொள்ளலாம். கண்ணுக்கு நிம்மதி, இரண்டு பேர் சேர்ந்தும் பார்க்கலாம். ஆனால் கேமராவின் மையமும் மணியின் மையமும் ஒன்றுவதற்குள் பொறுமை போய்விடும். ஆட்டோ ஃபோகஸ் தன் பங்குக்கு முன்னும் பின்னும் ஓடிக் குட்டையைக் குழப்பும். அதை நிறுத்திவைத்துவிட்டு, தாளை நகர்த்தி மட்டுமே ஃபோகஸ் செய்வதுதான் வழி. திரையில் இரு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் உருவம்தான் பெருக்கும், புதிதாக எதுவும் தெரியாது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெட்டி மேல் 1000 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு டிஜிட்டல் நுண்ணோக்கியை முன்பு வாங்கி ஏமாந்திருக்கிறேன். அந்த ஆயிரத்தில் பெரும்பங்கு திரையின் அளவிலிருந்து வந்தது. அதோடு ஒப்பிட்டால் இந்த 140 நேர்மையான 140.

மகள் மூடி போட்ட ஒரு ஜாடியில் குட்டைத் தண்ணீரும் அழுகிய இலையும் போட்டு ஜன்னலோரம் வைத்தாள். முதல் நாள் நான்தான் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தேன். நடுவில் பளீரென்று ஒளியும் சுற்றிலும் தடித்த கறுப்பு வளையமுமாக ஒரு முழு வட்ட உயிரி. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். காற்றுக் குமிழி. நுண்ணோக்கியில் பழகுகிற எல்லாரும் ஒரு தடவை இதில் விழுவார்கள் என்று பிறகு படித்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஐந்தாறு நாள் கழித்து அவள், "அப்பா, இது மணி மாதிரி இருக்கு, ஆனா என்னையப் பாத்தா ஒளிஞ்சிக்குது" என்றாள். போய்க் கண்ணை வைத்தேன். இலைத் துணுக்கின் ஓரத்தில் மெல்லிய காம்பு. அதன் நுனியில் கவிழ்க்காத மணி. மணியின் வாயைச் சுற்றி ஏதோ மினுமினுவென்று அலைந்தது, பக்கத்தில் மிதந்த தூசெல்லாம் சுழன்று அந்த வாய்க்குள் போனது. பட்டையை லேசாக அசைத்தேன். காணோம். காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, மணி இலையோடு ஒட்டிக் குண்டாக உட்கார்ந்திருந்தது. சுருங்கியதைப் பார்க்கவே முடியவில்லை, விரிந்து நின்ற நிலை, பிறகு சுருண்ட நிலை, நடுவில் எதுவும் இல்லை. மறுபடி நிமிர்வது மட்டும் சோம்பல் முறிப்பது போல நிதானம். வோர்டிசெல்லா. ஒற்றை செல். சுருங்க அதற்குச் சில மில்லிசெகண்ட் போதும், கால்சியம் அயனிகள் தூண்டிவிடும் இழைதான் அந்த இழுவைக்குக் காரணம். 1676இல் லீவன்ஹூக் எழுதிய கடிதத்தில் இதே மணியும் இதே சுருக்கமும் இருக்கின்றன. அன்று இரவு புரூப் வேலை நின்றுபோனது. தட்டுவது, சுருங்குவது, காத்திருப்பது, நிமிர்வது என்றே பதினொன்றரை மணி ஆகிவிட்டது. சொட்டை மூடி வைக்கும் மெல்லிய தகடான கவர் ஸ்லிப்பின் ஓரத்திலிருந்து தண்ணீர் உலர்ந்துகொண்டே வரும், அவ்வப்போது ஒரு சொட்டு விட வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றேன்.

செம்பருத்தி மகரந்தமும் வைத்தோம், முள்ளுருண்டை, அழகு. முடி, உப்புக் கல் எல்லாம் ஒரு நிமிட வேடிக்கை. வண்ணத்துப்பூச்சிச் சிறகின் செதில் வேண்டுமென்றால் உதிர்ந்து கிடக்கும் சிறகைத் தேடிக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது சரிப்படாது? பாக்டீரியா பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. இந்த மணி பிரித்துக் காட்டுவது ஏறத்தாழ இரண்டு மைக்ரான் வரை. பெரும்பாலான பாக்டீரியா அதற்கும் கீழே. நடுங்கும் தூசு தெரியலாம், அதைப் பாக்டீரியா என்று சத்தியம் செய்ய முடியாது. வீட்டிலேயே நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் வேண்டாம். கானாவில் சிறுநீர் மாதிரிகளில் ஒட்டுண்ணி முட்டையைத் தேடிப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. சாதாரண நுண்ணோக்கியில் கிடைத்ததில் கணிசமானதை, போனில் மாட்டிய ஃபோல்ட்ஸ்கோப் தவறவிட்டது. பழகிய ஆட்கள் பார்த்தே அப்படி.

ஆனாலும் பிரகாஷின் ஆய்வகத்தின் போக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. நூலில் கோத்த பொத்தானை இழுத்து இழுத்து 'விர்ர்' என்று சுற்ற விடுவோமே, அந்த விளையாட்டுச் சாமானின் இயற்பியலைக் கணக்குப் போட்டு, 2017இல் அங்கே ஆய்வாளராக இருந்த சாத் பம்லாவும் பிரகாஷும் இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் மையவிலக்குக் கருவி ஒன்றைக் காகிதத்திலேயே செய்தார்கள். எடை இரண்டு கிராம், வேகம் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று. மின்சாரமே வேண்டாம். எதிர்காலம் என்றால் பளபளக்கும் பெரிய பெட்டியாகத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு என் ஃபோல்ட்ஸ்கோப் அகராதிக்குள் பக்க அடையாளமாகக் கிடக்கிறது. தேவைப்படும்போது எடுப்பேன். போன வாரம் ஒரு புரூப்பில் 'அவர்' என்பதன் 'ர்' மேல் புள்ளி இருக்கிறதா, தூசா என்று சந்தேகம் வந்தது. எண்ணெய் ஒரு சொட்டு. தூசு. 'அவர' என்றுதான் அடித்திருந்தார்கள். திருத்திவிட்டேன். அந்தப் பக்கத்தை எண்ணெய்க் கறையோடு திருப்பி அனுப்பியதற்குத்தான் அச்சகத்தாருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.